கரையாத ஜிங்கு

முள்ளு எண்பதுல நிக்கு. நிக்கட்டும். எண்பதுங்கது நல்ல நம்பரு, லிஸ்டன் எந்தப் பரீட்சையிலயும் கண்ணால கண்டிராத நம்பரு, அது பாட்டுக்கு அங்கனயே நிக்கட்டும்னு, கமுத்திப்போட்ட பெயிண்டு வாளி மேல உக்காந்து எஞ்சின் சூட்டக் காட்டுற அந்த வட்டக் கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருக்கான். கண்ண எடுத்தா முள்ளு ஏறிரும்னு ஒரு நெனப்பு. பாத்துக்கிட்டே இருந்தா வெக்கப்பட்டு நின்னுக்கிடும்னு இன்னொரு நெனப்பு. எஞ்சின் ரூம்னு பேருதான், ரூமுமில்ல ஒரு மண்ணுமில்ல, விசைப்படகோட வயித்துல ஒரு பொந்து. நிமிந்தா தலை இடிக்கும், சாஞ்சா முதுகு வேவும், மூச்ச இழுத்தா பாதி டீசலு, மீதி போன வாரத்து மீனு. மேல வீல்ஹவுசுல ரெமி அத்தான் சுக்கானப் புடிச்சிக்கிட்டு நிக்காரு. செல்சி அக்காவக் கட்டினவரு. இந்த ‘சந்தியாகப்பர்’ போட்டுக்கு ஓனர் கரையில இருக்காரு, கடல்ல அத்தான்தான் எல்லாம். அத்தான் ஓனர் கையப் புடிச்சி, பய நல்லாப் பாப்பான், நான் பொறுப்புன்னு சொன்னதுலதான் லிஸ்டன் இந்தப் பொந்துக்கு ராஜாவானது. ஒரு வாரமா கச்சான் பேயா அடிச்சிச்சி, மேக்க இருந்து வார காத்து, நின்ன எடத்துல மனுசனத் தள்ளும், ஒரு போட்டுக்கும் கடலுக்குப் போக டோக்கன் குடுக்கல. இன்னைக்குக் காலையிலதான் விட்டாங்க. தூத்துக்குடி ஹார்பரே காலியாகி கடலுக்கு வந்துட்டு. மேல டெக்குல ஒரே கும்மாளம், எறா கெடைக்கும், கணவா கெடைக்கும்னு கனவு ஓடுது, எவனோ பாடுதான், எவனோ அவன நிறுத்தச் சொல்லுதான். கீழ லிஸ்டன் மட்டும் முள்ளப் பாத்துக்கிட்டு இருக்கான். முள்ளுக்கு ஒன்னுமில்ல. அதுதான் எரிச்சலா இருக்கு. முள்ளு ஏறியிருந்தாலாவது எதுக்கு இப்பிடி இருப்புக்கொள்ளலன்னு ஒரு காரணம் கெடைச்சிருக்கும்.

காலையில நல்லாத்தான இருந்தான். காலையில என்னடா நடந்திச்சி? காலையில ஜிங்கக் கழட்டினான். அவ்வளவுதான். கடல் எஞ்சினுக்கு ரெண்டு தண்ணி உண்டு, பாத்துக்கிடுங்க. ஒன்னு நல்ல தண்ணி, பச்ச மருந்து கலந்து எஞ்சினுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்து சூட்ட வாங்கிக்கிடும். இன்னொன்னு கடல் தண்ணி, அடியில இருந்து பம்பு இழுக்கும், அது கூலருங்கற உருளைக்குள்ள, ஒல்லி ஒல்லியா அடுக்கின செம்புக் கொழாய்க வழியா ஓடி, நல்ல தண்ணிட்ட இருந்து சூட்டப் புடுங்கிக்கிட்டு, திரும்பக் கடலுக்கே போயிரும். ரெண்டு தண்ணியும் சண்ட போட்ட சம்பந்திக மாதிரி. ஒரே வீட்டுல இருக்கணும், மூஞ்சில முழிக்கக் கூடாது. நடுவுல சுவரு அந்தச் செம்புக் கொழா, பேப்பர் தண்டிக்கு. கடல் உப்பு சும்மா இருக்குமா, எதையாவது தின்னே தீரும். செம்பத் தின்னுறக் கூடாதுன்னு அதுக்கு முன்னால ஒன்ன நீட்டுவாங்க, அதுதான் ஜிங்கு. விரல் தண்டிக்கு ஒரு துத்தநாகக் குச்சி, ஒரு பித்தள மூடியோட சேந்திருக்கும். மூடியக் கூலர்ல திருகினா குச்சி உள்ள உப்புத் தண்ணியில முங்கிக் கெடக்கும். அதுக்கு ஒரே வேலதான், சாவுறது. கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சி, ஓட்ட விழுந்து, கரையான் அரிச்ச பல்குச்சியாட்டம் ஆயி, அப்புறம் புதுசு மாத்தணும். காலையில போட்டு கெளம்பறதுக்கு முன்னால லிஸ்டன் அதக் கழட்டிப் பாத்தான். பளபளன்னு இருந்திச்சி. மீன்பிடித் தடைக்காலத்துல, போட்டு கரையில ஏறிக் கெடந்தப்போ அவன் கையால போட்டது, போட்ட மேனிக்கே இருந்திச்சி. சந்தோசம் தாங்கல. மேல கொண்டுபோயி எல்லாரும் பாக்க ஒசத்திப் புடிச்சான். அத்தான், இது எங்கப்பா ஒங்களுக்குப் போட்ட மோதிரத்த விட மின்னுது பாருங்கன்னான். அத்தானுக்கே சிரிப்பு வந்துட்டு. நல்ல சாமானாத்தான் வாங்கியிருக்கன்னு சொன்னாரு. அவரு வாயில இருந்து நல்லங்கற வார்த்த வாறதே கஷ்டம். லிஸ்டன் குச்சிக்கு ஒரு முத்தம் வேற குடுத்தான், எல்லாப் பயலும் கையத் தட்டினாங்க, கீழ வந்து திரும்ப மாட்டி, இறுக்கி, எஞ்சின ஸ்டார்ட் பண்ணி, ஹார்பரத் தாண்டி, அலைத் தடுப்புக் கல்லத் தாண்டி, அந்த முத்தத்தோட உப்பு ஒதட்டுல காயறதுக்குள்ள மண்டைக்குள்ள ஒரு முள்ளு குத்திச்சி. கண்ணாடிக்குள்ள இருக்கற முள்ளு இல்ல, வேற முள்ளு. புதுசா இருக்கு. எதுக்குப் புதுசா இருக்கு?

நல்ல சாமான்னா புதுசாத்தான் இருக்கும், இதென்ன கேள்வி. போடா, கெடச்ச நல்ல பேர வச்சிப் பொழைக்கத் தெரியாத பய. ஆனா புதுசா இருக்கு. தூத்துக்குடியில எது புதுசா இருந்திருக்கு? அவன் வீடு கடலுக்கு மூணாவது தெரு. ஜன்னல் கம்பிய வெரலால தட்டினா மாவு மாதிரிக் கொட்டும். தளத்துக்குள்ள போன கம்பி துருப்புடிச்சி வீங்கி, மேல் காரைய நெம்பி, ஒரு நா சாப்பிடற நேரத்துல துண்டா வந்து ரசத்துல விழுந்திச்சி. அப்பா நிமிந்து மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, கரண்டியால அத எடுத்து ஓரமா வச்சிட்டு மிச்ச ரசத்தக் குடிச்சாரு. அம்மா வாங்கின ஃபேனு ரெண்டாவது மழைக்குள்ள கெழடாயிட்டு. அவன் பைக்கு சைலன்சர்ல ஓட்ட விழுந்து, தெருவுல வந்தா மாதாவுக்கு வெடி போடுத மாதிரி சத்தம். பூட்டு தொறக்காது. கத்தரி மூடாது. அப்பா சட்டையில உள்ள ஊக்கு கூடக் கறுத்துப் போவும். உப்பளத்துப் பக்கம் போனா வெள்ளக் குமி குமியா உப்பு, வெயில்ல கண்ணக் கூசும், பாக்க அவ்வளவு சாதுவா இருக்கும். அதோட பல்லு எங்க இருக்குன்னு தெரியாது. கதவத் தின்னும், கம்பியத் தின்னும், ஆணியத் தின்னும், ஒரு ஊரையே நிதானமா மென்னுக்கிட்டு இருக்கும். இவ்வளவயும் தின்ன கடலு, திங்கறதுக்குன்னே நீட்டின ஒரு குச்சிய மட்டும் ஏன் தொடல? அதுக்கு மட்டும் என்ன மரியாத? அது என்ன சாமியாரா, கடல் வந்து கும்பிட்டுட்டுப் போவுறதுக்கு? சிரிப்பா நெனச்சான். சிரிப்பு வரல. முதுகுல வேர்வ ஓடி ஜட்டிக்குள்ள போவுது, வேர்க்குரு கடிக்கு, சொறிஞ்சா எரியுது. முள்ளப் பாத்தான். எண்பது. பசியாத்தான் இருக்கும், காலையில பன்னு ஒன்னுதான் தின்னது, அதான் இருப்புக்கொள்ளலன்னு சொல்லிக்கிட்டான். கடைக்காரன் சொன்னாம்லா, இது ஒரிஜினலு தம்பி, சீக்கிரம் தேயாதுன்னு. அப்பவே கேட்டிருக்கணும். தேயாத ஜிங்கு எதுக்குவே, தேயறதுக்குத்தான அது. கேக்கல. கடையில நின்ன பொம்பளப்புள்ள முன்னால ஏதோ ஜோக்கடிச்சான், அது சிரிச்சிச்சி, அந்தச் சிரிப்புல கடைக்காரன் சொன்னது காதுல விழுந்து மண்டைக்குப் போவல. அவன் வாழ்க்கையில முக்கியமான எதுவுமே மண்டைக்குப் போனதில்ல. எல்லாத்துக்கும் முன்னால ஒரு சிரிப்பு வந்து வாசல அடைச்சிரும்.

பாலிடெக்னிக்கும் அப்பிடித்தான போச்சி. மெக்கானிக்கல், கடைசி பெஞ்சு, ஃபேனுக்கு நேர் கீழ. வொர்க்‌ஷாப்புல ஒரு வாத்தியாரு, மீசைய ரெண்டு பக்கமும் ஒரே அளவுல வெட்டத் தெரியாதவரு. சாருக்கு ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிக் குடுக்கணும்டான்னு லிஸ்டன் சொன்னது அவரு காதுல விழுந்திருச்சி. மன்னிப்புக் கேளுன்னாங்க. கேட்டான். வகுப்பு முன்னால நின்னு, தலையக் குனிஞ்சி, கையக் கட்டி, சார் ஒங்க மீசையோட வலது பக்கத்துட்டயும் இடது பக்கத்துட்டயும் தனித்தனியா மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்னான். கேக்கும்போது நெசமாவே மன்னிப்பா கேக்கணும்னுதான் வாயத் தொறந்தான், சத்தியமா. வாய் தன்னால அப்பிடி வளைஞ்சிட்டு. வகுப்பு உருண்டு சிரிச்சிச்சி. அப்பாவக் கூட்டியாரச் சொன்னாங்க, அவன் கூட்டிட்டுப் போவல, அன்னைக்கு வெளிய வந்தவன்தான். அப்பா ரசத்துக் காரைய ஓரமா வச்ச மாதிரி இதையும் ஓரமா வச்சாரு. அதுக்கப்புறம் தெருவுல, கல்யாண வீட்டுல, சாவு வீட்டுல கூட, லிஸ்டன் வாயத் தொறந்தா எல்லாரும் சிரிக்கத் தயாராயிருவாங்க. ஒருக்கா காய்ச்சல் அடிச்சி ஆஸ்பத்திரியில நர்சுட்ட தல சுத்துதுன்னான், பக்கத்துல நின்ன சேக்காளிக ரெண்டும் விழுந்து விழுந்து சிரிச்சானுவ, அவன் தரையில விழுந்த பொறவும் சிரிச்சானுவ, நடிக்கான்னு. அது நல்ல கததான், அவனே பத்துப் பேருட்ட சொல்லியிருக்கான். சொல்லும்போது அவனும் சிரிச்சிருக்கான். இப்ப எதுக்கு அது ஞாபகத்துக்கு வருது? முள்ளப் பாருடா. எண்பது. கொஞ்சம் தள்ளி நிக்குதோ? இல்ல, போட்டு ஆடுது, கண்ணு ஆடுது.

எந்திரிச்சி மேல் டாங்கியில நல்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு பக்கத்துப் பாட்டில்ல பாத்தான். கோட்டுக்குக் கீழ எறங்கியிருக்கு. கச்சானுக்கு முன்னால போன தடவையும் எறங்கியிருந்திச்சி, ஒரு டம்ளர் ஊத்தினான். அதுக்கு முந்தியும் ஊத்தின ஞாபகம். ஆவியாயிருக்கும்னு நெனச்சான். நெனச்சானா, நெனைக்கணும்னு நெனச்சானா? மூடியிருக்கற டாங்கியில எங்கன போயி ஆவியாவும், அது என்ன அம்மா வைக்கற ரசமா? ஊத்தினது எங்கயோ போவுது. வெளிய சொட்டல, எஞ்சினுக்கு அடியில கைய விட்டுத் தடவிப் பாத்தான், எண்ணெய்தான் ஒட்டுது, பச்சத் தண்ணி இல்ல. அப்போ உள்ள போவுது. உள்ளன்னா? கூலர் உருளையப் பாத்தான். ஓரத்துல, மூடிய ஒட்டி, அந்தப் பச்சக் களிம்பு. கிளிப் பச்ச, பாக்க அழகா இருக்கும். தெனமும் காலையில அவன் அத வேஸ்டு துணியால தொடைச்சி, பித்தளைய முகம் பாக்கற மாதிரி ஆக்கி வைப்பான். ஓனர் ஒருக்கா எறங்கிப் பாத்துட்டு, எஞ்சின் ரூமா கோயில் பீடமான்னு கேட்டாரு. அன்னைக்கு அத்தான் நெஞ்ச நிமித்திக்கிட்டு வீட்டுக்குப் போனாரு. தொடைக்கத் தொடைக்க மறுநா வந்து நிக்கும் அந்தப் பச்ச. செம்பு அழுதா அந்தக் கலருலதான் கண்ணீர் வரும்னு அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சிதான் தொடைச்சான். ஒரு புள்ள தெனமும் அழுவுது, இவன் தெனமும் மூஞ்சத் தொடைச்சிப் பவுடர் போட்டு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருந்திருக்கான். செம்பு கரையுது. குச்சி கரையல. கரைய வேண்டியது கரையாம, கரையக் கூடாதது கரையுது. ஏன். மேல எவனோ தொம்மு தொம்முன்னு நடக்கான். வல இழுக்கற வின்ச்சுக்கு கிரீஸ் வைக்கானுவ போல. மடி வலைய எறக்க இன்னும் நேரம் இருக்கு, எடம் வந்து சேரல, இன்னும் நேரம் இருக்கு.

அந்த நேரத்துல ஒரு சம்பந்தமும் இல்லாம லாடிஸ் அண்ணன் மூஞ்சி வந்து நின்னிச்சி. டெக்குல வேல பாக்கறவரு, நாப்பதத் தாண்டினவரு, அதிகம் பேச மாட்டாரு, சிரிக்க வேற மாட்டாரு, அதுக்காகவே லிஸ்டனுக்கு அவர வம்புக்கு இழுக்கணும். நேத்து கரையில நிக்கும்போது, போட்டு ஐஸ் ரூமுக்குள்ள ஒரு பல்பு மாட்டினாரு. எரியல. வயரத் திருப்பிப் போட்டாரு, பல்ப மாத்தினாரு, எரியல. லிஸ்டன் போயி எட்டிப் பாத்தான். எர்த்து வயர, பெயிண்டு அடிச்ச இரும்புச் சட்டத்துல, பெயிண்டு மேலயே போல்ட்டு வச்சி முறுக்கியிருக்காரு. பேட்டரிக் கரண்டு அந்த இரும்பு வழியாத்தான் திரும்பணும், பெயிண்டு நடுவுல இருந்தா எப்பிடிப் போவும்? பத்துப் பேரு இருந்தாங்க. விடுவானா. அண்ணாச்சி, பெயிண்டச் சொரண்டாம எர்த்து குடுத்தா பல்பு ஒங்க மேல பரிதாபப்பட்டா எரியும், இரும்ப இரும்பு தொடணும் அண்ணாச்சி, நடுவுல போர்வையப் போத்தி விட்டுட்டுப் புள்ள பொறக்கலன்னா எப்பிடின்னு கேட்டான். ஹார்பரே சிரிச்சிச்சி. லாடிஸ் அண்ணன் ஸ்குரூட்ரைவர அவன் கையில குடுத்துட்டு ஐஸ் ரூம விட்டு ஏறிப் போயிட்டாரு. அவரு காதுமடல் செவந்து கெடந்தது இப்பத்தான் ஞாபகத்துக்கு வருது. அப்பப் பாத்தான், இப்பத்தான் தெரியுது. போர்வையப் போத்தி விட்டுட்டு. நடுவுல போர்வ. லிஸ்டன் கூலர் மூடியப் பாத்தான். பித்தள மூடிக்கும் கூலருக்கும் நடுவுல, திருகு மரை முடியற எடத்துல, வெள்ளையா ஒரு நூலு எட்டிப் பாக்குது. டேப்பு. தண்ணிக் கொழாய்க்குச் சுத்தற வெள்ள டேப்பு. போன வருசம் அந்த மூடியில சொட்டுச் சொட்டா ஒழுகிச்சி, இந்த வருசம் ஒழுகக் கூடாதுன்னு மாட்டும்போது அவன்தான் சுத்தினான். ஒரு சுத்து இல்ல, ரெண்டு சுத்து இல்ல, அம்மைக்குச் சேல சுத்தற மாதிரி தாராளமா, மரையே தெரியாத அளவுக்கு. ஒரு சொட்டு ஒழுகல. எவ்வளவு பெரும அன்னைக்கு. டேப்பு நடுவுல இருக்கு. குச்சி கூலரத் தொடல. இரும்ப இரும்பு தொடணும் அண்ணாச்சி. ஜிங்கு கூலரத் தொட்டாத்தான் செம்புக்காக அது சாவும். தொடலைன்னா ரெண்டும் யாரோ எவரோ, பஸ்சுல பக்கத்து சீட்டு மாதிரி. உப்புக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குச் செம்பத் தின்னுக்கிட்டு இருக்கு. சாவ வந்தவனுக்கு லிஸ்டன் ரெயின்கோட்டு போட்டு அனுப்பியிருக்கான். அவன் நனையாம நின்னு வேடிக்க பாத்திருக்கான், தடைக்காலம் முடிஞ்சதுல இருந்து, ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தடவ போவும்போதும் வரும்போதும்.

தலைக்குள்ள இருந்த எரைச்சல் அப்பிடியே நின்னுட்டு. எஞ்சின் சத்தம் மட்டும் கேக்கு. அந்தச் சத்தமும் இப்ப வேற மாதிரி இருக்கு, இருமுத மாதிரி, இல்ல, அதே சத்தம்தான், கேக்கற காது மாறிட்டு. கொழாய்க எல்லாம் உள்ள எப்பிடி இருக்கும்? புழு அரிச்ச கத்தரிக்கா மாதிரி. நல்ல தண்ணி சொட்டுச் சொட்டா கடல் தண்ணிக்குள்ள கசிஞ்சி, போட்டுக்கு வெளிய போயிக்கிட்டு இருக்கு. சம்பந்திக சந்திச்சாச்சி. ஒரு கொழா முழுசா விட்டுக் குடுத்தா டாங்கி காலி, முள்ளு சரசரன்னு ஏறும், எஞ்சின் சிக்கிக்கிடும். அப்புறம் கச்சான் இருக்கு, அது கெழக்க தள்ளும், கெழக்க அடுத்த நாட்டு எல்ல இருக்கு. பதறாத. சுத்தி இத்தன போட்டு இருக்கு, கயிறு போட்டு இழுத்துட்டு வருவாங்க. வருவாங்களா, ஒரு வாரம் பட்டினி கெடந்து இன்னைக்குத்தான் மடி எறக்குறவன் மடிய விட்டுட்டு வருவானா? வருவான், கடல்ல வருவான். திட்டிக்கிட்டே வருவான். அதுவர காத்து தள்ளும். ஒன்னு செய்யலாம், இப்பவே மூடியக் கழட்டி டேப்பப் பிச்சி எறிஞ்சிட்டு மாட்டிரலாம், யாருக்குத் தெரியும். ஓட்ட விழுந்தது விழுந்ததுதான், இனி ஜிங்கு வந்து ஒட்டுப் போடுமாக்கும். தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்கலாம், வாளி வாளியா. இதே ஓட்டத்துல ஓடினா ஒரு நாளு தாங்கும். ஓடினா. ஆனா மடி எறங்கினா ஓட்டமா அது? கல்லையும் மண்ணையும் சேத்துக் கடலோட அடியையே இழுக்கணும், மணிக்கணக்கா, எஞ்சின் மூச்சு வாங்கும், சூடு ஏறும், அந்தப் பேப்பர்க் கொழாய்க அதத் தாங்கணும். மடி எறங்குறதுக்கு முந்திச் சொல்லணும். சொன்னா? எல்லாப் போட்டும் போற நாள்ல ஒத்தப் போட்டு திரும்பணும், வெறும் ஐசோட. ஓனர் முன்னால அத்தான் நிக்கணும். நான் பொறுப்புன்னு சொன்ன வாயி. செல்சி அக்கா அன்னைக்கு ராத்திரி சோறு போடும்போது தட்ட வைக்கற சத்தத்துலயே பேசிருவா. சொல்லாட்டி? சொல்லாட்டி ஒன்னும் ஆகாமலும் போவலாம். போவலாம்லா? முள்ளு எண்பதுலதான நிக்கு. மேல வின்ச்சு ஒரு தடவ உறுமிச்சி. சோதிச்சிப் பாக்கானுவ. அத்தான் ஓட்டத்தக் கொறைக்கது காலுக்கடியில தெரியுது. எடம் வந்துட்டு.

ஏணியில ஏறும்போது கை வழுக்கிச்சி, எண்ணெயா வேர்வையான்னு தெரியல. வெளிய வெயிலு மூஞ்சில அறைஞ்சிச்சி, காத்து சட்டையப் பிடிச்சி இழுத்துச்சி. மடி டெக்குல குமியாக் கெடக்கு, மடிய விரிக்கற பலகைக ரெண்டும் தொங்குது, லாடிஸ் அண்ணன் கயித்தப் புடிச்சிக்கிட்டு அத்தான் சொல்லுக்குக் காத்து நிக்காரு. லிஸ்டன் வீல்ஹவுசு வாசல்ல நின்னு, அத்தான், கரைக்குத் திரும்பணும்னான். அத்தான் திரும்பாமலே சிரிச்சாரு. என்ன மாப்ள, எவளும் ஃபோன் பண்ணினாளான்னாரு. டெக்குல ஒருத்தன், பய பல்லு வெளக்க மறந்துட்டான்னான். சிரிப்பு. நெசமா அத்தான், கூலரு போச்சி, ஜிங்கு வேல செய்யல, நான் டேப்பு சுத்திட்டேன்னு சொல்லணும்னுதான் வாயத் தொறந்தான். சொல்லு ஒன்னு மேல ஒன்னு ஏறிக்கிட்டு, கடைசியில, சாவ வந்தவனுக்கு ரெயின்கோட்டு போட்டு அனுப்பிட்டேன் அத்தான்னு வந்திச்சி. அவ்வளவுதான், போட்டே குலுங்கிட்டு. ஒருத்தன் கயித்த விட்டுட்டு வயித்தப் புடிச்சிக்கிட்டான். அத்தானும் கண்ணத் தொடைச்சிக்கிட்டு, சரி சரி, கூத்த முடிச்சிட்டுக் கீழ போ, மடி எறக்கப் போறோம்னாரு. லிஸ்டன் நிக்கான். போவல. வாயத் தொறந்தா மறுபடியும் ஜோக்காத்தான் வரும்னு பயமா இருக்கு. அந்த ஆஸ்பத்திரித் தரை ஞாபகத்துக்கு வந்திச்சி, கன்னத்துல அதோட குளிர்ச்சி. எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தரத் தவிர. லாடிஸ் அண்ணன் கயித்த வின்ச்சுல ரெண்டு சுத்து சுத்திக் கட்டி நிறுத்திட்டு, அவனையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

“ரெமி,” அவரு கூப்பிட்ட விதத்துல சிரிப்பு பாதியில நின்னுச்சி. “பய சிரிக்கல பாரு.”

அத்தான் அப்பத்தான் முழுசாத் திரும்பினாரு. லிஸ்டன் சொன்ன ஜோக்குக்கு மொதல்ல சிரிக்கறது லிஸ்டன்தான், அது எல்லாருக்கும் தெரியும், பாதி நேரம் அவன் சிரிக்கறதப் பாத்துத்தான் மத்தவன் சிரிப்பான். அத்தான் அவன் மூஞ்சியப் பாத்தாரு. காத்து ஒருக்கா போட்டத் தூக்கிப் போட்டுச்சி. என்னலன்னு கேட்டாரு, இப்பக் கேட்டது வேற என்னல. லிஸ்டன் டேப்பப் பத்திச் சொன்னான், பச்சக் களிம்பத் தொடைச்சதச் சொன்னான், ஊத்துன தண்ணியச் சொன்னான், ஒன்னுக்கப்புறம் ஒன்னா, ஜோக்கு வாலு எதுவும் ஒட்டாம. டெக்குல ஒருத்தன் கெட்ட வார்த்த ஒன்னு சொன்னான், கடலப் பாத்துச் சொன்னான்.

“மடி எறக்கினா தாங்குமா?”

“தாங்காது.”

அத்தான் காத்திருந்தாரு, அதுக்குப் பின்னால ஏதாவது வருமான்னு. வரல. அப்புறம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தாரு, சுத்தி எல்லாப் போட்டும் மடி எறக்கிக்கிட்டு இருக்கு, தூரத்துல பலகைக தண்ணியில விழுற வெள்ள நொர கூடத் தெரியுது. கரைக்குப் போயி ஒன்ன என்ன செய்யணுமோ செய்யுதேன், இப்பக் கீழ போயி தண்ணிய ஊத்து, மெதுவாப் போறேன், சூடு ஏறினா குரல் குடுன்னாரு. சுக்கான வளைச்சாரு. போட்டு மனசில்லாம, சாஞ்சி, நீளமா ஒரு வட்டம் போட்டுத் திரும்பிச்சி. காத்து இப்ப எதிருல வந்திச்சி, அல போட்டோட முன்தலையில ஏறி டெக்குல கெடந்த காஞ்ச மடியச் சும்மா நனைச்சிச்சி. யாரும் யாரையும் பாக்கல. லாடிஸ் அண்ணன் மட்டும் தொங்கின பலகைய உள்ள இழுத்துக் கட்ட ஆரம்பிச்சாரு, நல்ல தண்ணி எந்தக் கேன்ல இருக்குன்னு கேட்டாரு, லிஸ்டன் கையக் காட்டினான். நேத்து அவரக் கேலி பண்ணினதுக்கு ஏதாவது சொல்லணும்னு லிஸ்டனுக்கு இருந்திச்சி, ஆனா ஏணியப் பாத்து நடந்தான். எஞ்சின் மெதுவானதுல சத்தம் அடங்கி, ஏணியில பாதி எறங்கினவனுக்கு வீல்ஹவுசு வயர்லெஸ் கரகரன்னு நல்லாவே கேட்டுச்சி. பக்கத்துப் போட்டுல இருந்து கூப்பிடுதான், ஏ சந்தியாகப்பர், ரெமி, என்னடே எல்லாவனும் வரும்போது நீ மட்டும் போற. அந்தச் சேனல்ல இருக்கற அத்தன போட்டும் கேக்கும். லிஸ்டன் ஏணியில நின்னுட்டான். அத்தான் என்ன வேணும்னாலும் சொல்லலாம், போட்டத் தள்ளுற ஃபேன்ல கயிறு சுத்திட்டுங்கலாம், ஒருத்தனுக்கு வயித்துவலிங்கலாம். அப்புறம் மைக்க அமுத்தற சத்தம்.

“எங்க எஞ்சின்காரன் திரும்பச் சொன்னான். திரும்புதேன்.”

“எவன், ஒம் மச்சினனா? அந்தச் சிரிப்பாணிப் பயலா?” அங்க பின்னால ரெண்டு மூணு பேரு சிரிக்கறது கேக்கு.

“ஆமா. அவந்தான்.”

மைக்க மாட்டுற சத்தம் கேட்டுச்சி. அந்தக் கேள்விக்கு லிஸ்டன் நாக்கு நுனியில ஒரு பதிலு வந்து நின்னுச்சி, நல்ல பதிலு, சொல்லியிருந்தா அத்தன போட்டும் சிரிச்சிருக்கும். அத முழுங்கிட்டு, லாடிஸ் அண்ணன் நீட்டின கேன வாங்கிக்கிட்டுக் கீழ எறங்கினான்.